சரித்திரப் படத்தில் வரும் துப்பாக்கி எது? நீலகிரிக் கதைகளை வைத்து ஒரு வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துக் கதை எடுத்தால் துப்பாக்கி வராமல் இருக்காது. சிப்பாய், எஸ்டேட் துரை, வேட்டைக்குப் போகும் ஜமீன், போலீஸ், பயிர்க் காவலுக்கு நிற்கும் விவசாயி என்று யாராவது ஒருவர் தோளில் ஒன்று தொங்கும். அது என்ன துப்பாக்கி, கதை நடக்கும் ஆண்டில் அது இருந்ததா என்று கண்டுபிடிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ராணுவப் பின்னணி வேண்டியதில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் பொறுமையும், சில ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொள்வதும் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நடிகர் கையில் உண்மையில் இருக்கும் பொருள் எது என்பது ஒரு கேள்வி. கதைக்குள் அது எந்தத் துப்பாக்கியாக நிற்கிறது என்பது வேறு கேள்வி. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் வருகின்றன. ‘கதை 1857இல் நடக்கிறது, ஆகவே இது என்பீல்டு’ என்று முடிவு கட்டிவிட்டுப் படத்தைப் பார்த்தால் எந்தக் குழலும் என்பீல்டாகத்தான் தெரியும். முதலில் கண், பிறகு காலண்டர்.

நல்ல பிரேம் எடுப்பது

படம் நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. சண்டைக் காட்சியில் துப்பாக்கி தெளிவாகத் தெரியும் பிரேம் அரிது. அணிவகுப்பு வரிசை, சுவரில் சாத்தி வைத்த மூலை, மேசைமேல் வைக்கும் நெருக்கக் காட்சி, தோட்டா போடும் கணம், இந்த நான்கையும் முதலில் தேடுங்கள். கணினியில் வி.எல்.சி. பிளேயரில் ஓட்டினால் ஆங்கில ‘ஈ’ விசையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு பிரேம் நகரும். எடுத்ததை பி.என்.ஜி. கோப்பாகச் சேமியுங்கள். ஜே.பி.ஜி.யில் சுருக்கினால் திருகும் முத்திரையும் குழைந்துபோகும்.

சில ஓ.டி.டி. தளங்களில் திரைப்பிடிப்பு எடுத்தால் கறுப்பாகத்தான் வரும். அப்போது டிஸ்க்கிலோ, தயாரிப்பாளர் வெளியிட்ட ட்ரெய்லரிலோ தேட வேண்டும். விளம்பரப் புகைப்படங்களை மட்டும் நம்ப வேண்டாம். போஸ்டருக்காகக் கையில் கொடுத்த துப்பாக்கி படத்தில் ஒரு பிரேமில்கூட வராமல் போவதுண்டு.

ஒரு துப்பாக்கிக்குக் குறைந்தது 5 படங்கள் வேண்டும்: வலப்பக்கம் முழுதாக, இடப்பக்கம் முழுதாக, விசைக்கு மேலே உள்ள பகுதி, குழல் வாய், தோட்டா போடும் அல்லது மருந்து கெட்டிக்கும் நிலை. ஐந்தும் கிடைக்காத துப்பாக்கிதான் அதிகம். விசைக்கு மேலே உள்ள பகுதியும் குழல் வாயும் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

படம் கண்ணாடிபோல் திருப்பப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எடிட்டிங்கில் நடிகர் பார்க்கும் திசையைச் சரிசெய்யக் காட்சியைத் திருப்பிவிடுவார்கள். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தாழ்) கைப்பிடி இடப்பக்கம் தெரிந்தால் அபூர்வமான இடக்கைத் துப்பாக்கி என்று மகிழ வேண்டாம். கோட்டுப் பொத்தானையும் பின்னணியில் உள்ள எழுத்தையும் பாருங்கள்.

நீலகிரிப் படப்பிடிப்பில் மூடுபனி ஒரு தனிச் சிக்கல். அவலாஞ்சி, நடுவட்டம் பக்கம் எடுத்த காட்சிகளில் கறுப்பே கறுப்பாக இருக்காது. கான்ட்ராஸ்டைக் கூட்டி, கறுப்பு அளவை இறக்கினால் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே கோடு தெரியவரும். கூர்மைப்படுத்தும் வசதியை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள். அது இல்லாத விளிம்புகளை வரைந்து, வழவழப்பான குழலில் பூண் இருப்பதுபோல் காட்டிவிடும்.

கதையின் ஆண்டு

திரையில் ஆண்டைப் போட்டுவிட்டால் சிக்கலில்லை. போடாவிட்டால் பின்னணியிலிருந்து எடுக்க வேண்டும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819. வெலிங்டன் பாசறைக் கட்டட வேலை 1850களில் தொடங்கியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899, ஊட்டிக்கு வந்தது 1908. ஊட்டி ஸ்டேஷனில் ரயில் நிற்கும் காட்சி என்றால் கதை 1908க்கு முன் நடக்க முடியாது. ஒரே ஆண்டைப் பிடிக்க முடியாதபோது ‘1899 முதல் 1908 வரை’ என்று இடைவெளியாக எழுதுங்கள்.

பழைய துப்பாக்கி பிற்காலக் கதையில் வந்தால் அது பிழை ஆகாது. பிற்காலத் துப்பாக்கி முற்காலக் கதையில் வந்தால்தான் பிழை. குழல் வாயில் மருந்து கெட்டிச் சுடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி 1840 கதையிலும் வரலாம், 1965இல் நடக்கும் மலைக்கிராமக் கதையிலும் வரலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது.

யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். 1857க்குப் பிறகு ஆங்கில அரசு இந்தியச் சிப்பாயிடம் ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியையே கொடுத்தது. 1878–80 ஆப்கானியப் போரில் வெள்ளைப் படைகள் புதிய மார்ட்டினி-ஹென்றி ரைபிளோடு போனபோது இந்தியப் படைகள் அதற்கு முந்திய ஸ்னைடரோடு போயின. ஆகவே 1880இல் வெலிங்டனில் நடக்கும் காட்சியில் வெள்ளைச் சிப்பாயும் தமிழ்ச் சிப்பாயும் ஒரே துப்பாக்கியோடு நின்றால் குறித்துவையுங்கள். படக்குழு எவ்வளவு தேடிப் படித்திருக்கிறது என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

விசைக்கு மேலே பாருங்கள்

துப்பாக்கியின் வயதைச் சொல்லும் இடம், மருந்துக்கு நெருப்பு போய்ச்சேரும் இடம்தான். அது வலப்பக்கத்தில், விசைக்குச் சற்று மேலே, கட்டையில் பதித்த இரும்புத் தகட்டில் இருக்கிறது.

தகட்டில் வளைந்த கரமும் அதன் நுனியில் புகையும் கயிறும் தெரிந்தால் திரித் துப்பாக்கி. பாளையக்காரர் காலக் கதைகளுக்கும், 1800களின் தொடக்கத்தில் நடக்கும் கதைகளில் உள்ளூர்க் காவல் ஆட்களுக்கும் அது பொருந்தும்.

குதிரையின் (விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் கரம்) வாயில் சிக்கிமுக்கிக் கல் கடித்திருந்து, எதிரே நிமிர்ந்த எஃகுத் தகடும் அதன் அடியில் சிறு கிண்ணியும் இருந்தால் அது கல் துப்பாக்கி. சல்லிவன் காலத்துச் சிப்பாய்க்குரிய ‘இந்தியா பேட்டர்ன்’ பிரௌன் பெஸ் இந்த வகைதான். அதன் குழல் 39 அங்குலம், வாய் அளவு .75 அங்குலம், மொத்த நீளம் ஏறத்தாழ 55 அங்குலம். அதை உறுதிசெய்ய இரண்டு இடங்களைப் பாருங்கள். குழலைக் கட்டையோடு பிடித்திருப்பது பூண் இல்லை, கட்டையின் குறுக்கே போகும் ஊசிகள். ஆகவே கட்டையின் முன்பகுதி வழவழவென்று இருக்கும். அடுத்தது குதிரையின் கழுத்து. அன்னத்தின் கழுத்துப்போல் மெல்லியதாக வளைந்திருந்தால் பழையது. 1809 வாக்கில் நடுவே ஓட்டை விட்டுத் தடித்த கழுத்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குரிய தகடு நெருக்கக் காட்சியில் கிடைத்தால் முத்திரையைப் படியுங்கள். முதலில் இதய வடிவக் குறி இருந்தது, 1808 வாக்கில் அதன் இடத்துக்குக் கிரீடம் ஏந்திய சிங்கம் வந்தது.

சுடும் காட்சியில் கல் துப்பாக்கிக்கு இரண்டு நெருப்பு தெரிய வேண்டும். முதலில் நடிகர் முகத்துக்கு அருகே கிண்ணியில் ஒரு பளிச், ஒரு கணம் கழித்துக் குழல் வாயில் பெரிய நெருப்பு. கிண்ணியில் எதுவும் இல்லாமல் வாயில் மட்டும் நெருப்பு வந்தால் அது கணினி வேலை, அல்லது உள்ளே வேறு ஏற்பாடு. இந்தியாவிலேயே மாதிரி மஸ்கட்டுகள் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சுடாத பொருளாக அனுப்புவதற்காகக் கிண்ணிக்கும் குழலுக்கும் இடையிலான துளையைப் போடாமல் விடுவார்கள். அப்படிப்பட்ட மாதிரி படத்தில் வந்தால் கிண்ணிப் பக்கக் குழல் சுவரில் துளையே தெரியாது.

மழையையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கம் கொட்டும் மழைக்கு நடுவே கல் துப்பாக்கியால் ஆள் ஆளாகச் சுட்டுத் தள்ளுவது நடக்காது. கிண்ணி மருந்து நனைந்தால் வேலை முடிந்தது. அதனால்தான் அந்தப் பகுதியைத் தோலாலோ எண்ணெய்த் துணியாலோ மூடிவைப்பார்கள். படத்தில் அந்தத் தோல் மூடியைக் காட்டியிருந்தால் ஆயுதப் பொறுப்பாளர் வேலை தெரிந்தவர்.

கல்லும் கிண்ணியும் இல்லாமல், சுத்தியல்போன்ற குதிரை ஒரு சிறிய குமிழ்மேல் விழுந்தால் அது கேப் துப்பாக்கி. குமிழ்மேல் செம்புத் தொப்பிபோல் கேப்பைச் செருகுவார்கள். படைக்கு இது 1840களில் வந்தது. இந்த வகையில் நம் கதைகளில் அதிகம் வருவது 1853ஆம் ஆண்டு என்பீல்டு. குழல் 39 அங்குலம், வாய் அளவு .577. குழலைப் பிடித்திருக்கும் பூண்கள் மூன்று. பூண்களை எண்ணுங்கள், மூன்றுக்குப் பதில் இரண்டு இருந்தால் அது 33 அங்குலக் குழல் கொண்ட குட்டை வகை.

பின்பக்கம் நிரப்புபவை

ஸ்னைடர் 1866இல் வந்தது. வெளித்தோற்றத்தில் அது என்பீல்டேதான், அதே குதிரை, அதே மூன்று பூண். வேறுபாடு குழலின் பின்பகுதியில், வலப்பக்கம் கீல் வைத்துத் திறக்கும் இரும்புக் கட்டி. தூரத்துக் காட்சியில் இரண்டையும் பிரிப்பது கடினம். தோட்டா மாற்றும் காட்சி கிடைத்தால் ஐயமே இல்லை. கட்டியை வலப்பக்கம் திறந்து, பின்னால் இழுத்து, துப்பாக்கியைக் கவிழ்த்தால்தான் வெற்று உறை கீழே விழும். கவிழ்க்காமல் அடுத்த தோட்டாவைப் போட்டால் நடிகருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை என்று பொருள், அல்லது அந்தக் கட்டி திறக்காத டம்மி.

மார்ட்டினி-ஹென்றி 1871. அதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வெளியே குதிரை கிடையாது, விசைக் காப்புக்குப் பின்னால் நீண்ட நெம்புகோல் இருக்கும். நெம்புகோலைக் கீழே இறக்கினால் உள்கட்டி தாழ்ந்து உறை பின்னால் தெறிக்கும். வலப்பக்கம் நீர்த்துளி வடிவில் ஒரு சிறு காட்டி இருக்கும், சுடத் தயாரா இல்லையா என்பதை அது சொல்லும். மொத்த நீளம் ஏறத்தாழ 49 அங்குலம், பூண் இரண்டு. பிறகு இதே உடலில் .303 குழல் மாட்டிய மார்ட்டினி-என்பீல்டுகளும் வந்தன. வெளியே பார்த்து இரண்டையும் பிரிக்கப் பெரும்பாலும் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ‘மார்ட்டினி வகை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

த்ரீ நாட் த்ரீ குடும்பம்

தமிழ்ப் படங்களில் அதிகம் பிழை நடப்பதும், அதிகம் கற்றுக்கொள்ள முடிவதும் இங்கேதான். .303 ரைபிள்களில் போல்ட் கதவுத் தாழ்ப்பாள்போல வேலை செய்கிறது: கைப்பிடியை மேலே தூக்கு, பின்னால் இழு, முன்னே தள்ளு, கீழே இறக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் இது நடக்க வேண்டும். போல்டைத் தொடாமல் மூன்று முறை சுட்டால் பிழை யாருடையது என்று பாருங்கள். நடிப்பில் பிழையா, இடையில் எடிட்டர் வெட்டிவிட்டாரா? கேமரா கோணம் மாறியிருந்தால் எடிட்டரைக் குறை சொல்லாதீர்கள். அந்த இடைவெளியில் போல்டை இயக்கியிருக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் ஐந்து பேரைப் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

லீ-மெட்போர்டு 1888, நீள லீ-என்பீல்டு 1895. இரண்டும் 49 அங்குலத்தை ஒட்டியவை. மரக்கட்டை முடிந்த பிறகும் குழல் வெளியே நீண்டிருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு குழலுக்குள் வெட்டிய வரிகளில்தான், அதைத் திரையில் பார்க்க முடியாது. ஆண்டைக் கொண்டும், கழுத்துப் பகுதி முத்திரை தெரிந்தால் அதைக் கொண்டும்தான் முடிவெடுக்க முடியும்.

எஸ்.எம்.எல்.இ. என்ற குட்டை லீ-என்பீல்டு 1903இல் தொடங்கி, 1907இல் மார்க் 3 ஆக நிலைத்தது. நீளம் 44.5 அங்குலம். குழல் வாயை அப்படியே மூடினாற்போல் மொண்ணையான இரும்பு மூக்கு, குறிபார்க்கக் குழல் நுனியில் வைத்த முன்குறிக்கு இருபக்கமும் காதுகள். குழல் வெளியே நீளாது. முதல் உலகப் போர் முதல் சுதந்திரம் வரை நடக்கும் கதைகளில் சிப்பாய் கையில் இதுதான் இருக்க வேண்டும். மேகசினில் 10 தோட்டா, ஐந்தைந்தாகக் கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்துவார்கள்.

நம்பர் 4 ரைபிளை 1941 முதல் ஏற்றார்கள். கட்டைக்கு வெளியே குழல் சிறிது நீண்டிருக்கும். பின்குறி குழல்மேல் இல்லாமல், போல்ட் ஓடும் பகுதியின் பின்முனையில், கண்ணுக்கு அருகே துளைவடிவில் இருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் 1914 கதையில் நம்பர் 4 வந்ததை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். பயனெட்டும் துணை செய்யும். எஸ்.எம்.எல்.இ.க்கு 17 அங்குல அலகு கொண்ட வாள் பயனெட், நம்பர் 4க்கு 8 அங்குலக் கூர்முனைக் கம்பி.

நம்பர் 5 என்ற ‘ஜங்கிள் கார்பைன்’ 1944. குழல் வாயில் புனல்போன்ற உறுப்பும், தோளில் பதியும் இடத்தில் ரப்பர் பட்டையும் இருக்கும்.

நம்மூர்ப் படங்களில் கவனமாகப் பார்க்க வேண்டியது இஷாப்பூர் 2ஏ வகை. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை 1960களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்குச் செய்த ரைபிள் இது. மூக்கும் கட்டையும் எஸ்.எம்.எல்.இ.யைப்போலவே இருப்பதால் 1920 கதையில் தைரியமாகக் கொடுத்துவிடுவார்கள். மேகசினைப் பாருங்கள். .303இன் மேகசின் அடி சாய்வாகவும் மூலைகள் மழுங்கியும் இருக்கும். 7.62இன் மேகசின் கட்டமான பெட்டி, அடி தட்டை. பக்கவாட்டில் ஒரே ஒரு தெளிவான பிரேம் கிடைத்தாலும் போதும்.

போலீஸ், சிறைக் காவலர் கைக்கு இன்னொரு வகை உண்டு. எஸ்.எம்.எல்.இ.யை .410 அளவு வழவழக் குழலாக மாற்றி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும்படி செய்தார்கள். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை அடைத்திருக்கும். கலவரக் காட்சியில் போலீஸ்காரர் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டால் உடனே பிழை என்று எழுதாதீர்கள். இதுவாக இருக்கலாம்.

முத்திரை கிடைக்கும் பிரேம் புதையல். கட்டை மெலியும் கழுத்தில் உள்ள இரும்புப் பகுதியின் வலப்பக்கத்தில் கிரீடம், அரசர் எழுத்து, தொழிற்சாலை, ஆண்டு என்று அடித்திருப்பார்கள். ‘வி.ஆர்.’ விக்டோரியா, 1901 வரை. ‘இ.ஆர்.’ எட்வர்டு, 1910 வரை. பிறகு ‘ஜி.ஆர்.’, இஷாப்பூரில் செய்தவற்றில் ‘ஜி.ஆர்.ஐ.’. குடியரசு வந்த பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. ‘வி.ஆர்.’ என்று அடித்துக் கீழே 1907 என்று இருந்தால், அது வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டறையில் கையால் செய்த போலி. அவற்றில் ஆங்கில ‘என்’ எழுத்தைத் திருப்பி அடித்திருப்பதும் வழக்கம்.

துரைமார் கைத் துப்பாக்கிகள்

வேட்டைத் துப்பாக்கியில் முதலில் ரவைத் துப்பாக்கியா, இரட்டைக்குழல் ரைபிளா என்று பாருங்கள். இரண்டிலும் குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரவைத் துப்பாக்கியின் நுனியில் சிறு மணி மட்டும் இருக்கும், குழல் வாய் மெல்லியது. ரைபிளில் குழல்மேல் மடக்கும் பின்குறித் தகடுகள் இருக்கும், வாய்ச் சுவர் தடிமனாக இருக்கும், குழல் நீளமும் குறைவு. காட்டெருமைக்கோ யானைக்கோ போகும் துரை கையில் மெல்லிய வாய் தெரிந்தால் குறித்துவையுங்கள்.

வயதை வெளிக்குதிரை சொல்லும். பின்னால் இரண்டு குதிரைகள் கொம்புபோல் நின்றால் பழைய அமைப்பு. ஆன்சன்-டீலி என்ற குதிரை மறைந்த அமைப்பு 1875இல் வந்தது. வெளிக்குதிரை வகை அதற்குப் பிறகும் நெடுநாள் விற்றது, ஆகவே 1910இல் வந்தாலும் தவறில்லை. குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரட்டைக்குழல் 1890 ஊட்டி வேட்டையில் வந்தால் சந்தேகமே வேண்டாம், பிழை. அந்த அமைப்பு பரவியது 20ஆம் நூற்றாண்டில்.

வசனமும் ஒரு சான்று. .450 அளவுத் தோட்டாக்களுக்கு 1900களின் தொடக்கத்தில் இந்தியாவில் தடை வந்ததால்தான் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 போன்ற அளவுகளைக் கொண்டுவந்தன. 1895இல் நடக்கும் காட்சியில் துரை ‘என் .470’ என்று பெருமை பேசினால் எழுத்தாளர் ஆண்டைச் சரிபார்க்கவில்லை.

ரிவால்வரில் வெப்லியே அதிகம் வரும். உருளைக்கு முன்னால் மேலிருந்து மடங்கித் திறக்கும், திறக்கும்போது ஆறு உறையும் ஒன்றாக மேலெழும். 1887இல் வந்த மார்க் 1 குட்டைக் குழலும் பறவைத் தலைபோல் வளைந்த பிடியும் கொண்டது. 1915இன் மார்க் 6இல் குழல் 6 அங்குலம், பிடியின் அடி சதுரம். உருளை பக்கவாட்டில் வெளியே சாய்ந்தால் அது வெப்லி இல்லை. இந்திய ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வரும் மேலே மடங்கும் இதே வழியில் வந்தது. உருவத்தில் சிறியது, கையில் பிடித்தால் விரல்களுக்கு நடுவே கொஞ்சம்தான் தெரியும்.

1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பிரௌனிங் கைத்துப்பாக்கியால். ஆகவே அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுக் கதையில் தானியங்கிக் கைத்துப்பாக்கி வருவதே பிழை என்று அவசரப்பட வேண்டாம். எந்த மாடல் என்றுதான் பார்க்க வேண்டும்.

புகையும் சத்தமும்

கரிமருந்து வெள்ளைப் புகையைக் கக்கும். மார்ட்டினி வரைக்கும் எல்லாமே கரிமருந்து. ஒரு வரிசைச் சிப்பாய்கள் சுட்டால் எதிரே இருப்பவர் மறைந்துபோக வேண்டும். .303க்கு கார்டைட் 1891இல் வந்தபின் புகை மெலிந்துவிட்டது. அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1903இல் எழுந்தது இந்தப் புகையற்ற மருந்துக்காகத்தான். 1915 கதையில் ரைபிள் சுட்டு முகில் கிளம்பினால் படக்குழு அழகுக்காகச் சேர்த்தது.

மலைக்காட்சியில் புகை உண்மையா, கணினியில் ஒட்டியதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பின்னால் போகும் மூடுபனி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பத்துப் பதினைந்து பிரேம் பாருங்கள். துப்பாக்கிப் புகை அதற்கு எதிர்ப்பக்கம் போனால் ஒட்டுவேலை.

சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது ஸ்டூடியோவில் சேர்த்தது.

டம்மியைக் கண்டுபிடிப்பது

ஓடும் காட்சிகளிலும் விழும் காட்சிகளிலும் ரப்பர் துப்பாக்கி கொடுப்பார்கள். நடிகர் ஓடும்போது குழலின் நுனி இலேசாக அதிர்ந்து வளைகிறதா என்று பிரேம் பிரேமாகப் பாருங்கள். வார் மாட்டும் வளையம் ஆடாமல் உடலோடு ஒட்டியிருந்தாலும், போல்ட் கைப்பிடிக்கும் கட்டைக்கும் நடுவே நிழல் விழாமல் ஒரே வார்ப்பாகத் தெரிந்தாலும் ரப்பர் அல்லது பிசின் வார்ப்பு. ஒரே துப்பாக்கி நெருக்கக் காட்சியில் உலோகமாகவும் ஓடும்போது ரப்பராகவும் இருப்பது சாதாரணம். இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

குழல் வாய்க்குள் பார்க்கும்படி கேமரா நின்றால் துளையின் ஆழத்தைக் கவனியுங்கள். சுடாத உலோக மாதிரிகளில் ஓரிரு அங்குலத்தில் அடைத்திருப்பார்கள், வெளிச்சம் உள்ளே போகாமல் சாம்பல் வட்டமாகத் தெரியும். காற்றுத் துப்பாக்கியை வேடமிட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. குழல் கட்டையைச் சந்திக்கும் இடத்தில் குறுக்கே ஒரு பெரிய திருகு இருந்தால், குழலை மடக்கி அழுத்தும் காற்றுத் துப்பாக்கி அது.

அளவில் ஐயம் வந்தால் விகிதம் உதவும். பக்கவாட்டுப் பிரேமில் மொத்த நீளத்தையும், விசை முதல் அடிக்கட்டை வரையான நீளத்தையும் பிக்ஸலில் அளந்து முதலதை இரண்டாவதால் வகுங்கள். பிரௌன் பெஸ், மூன்று பூண் என்பீல்டு இரண்டும் 4க்கு அருகில் வரும். மார்ட்டினி 3.5 வாக்கில். எஸ்.எம்.எல்.இ. 3.3, 3.4. நம்பர் 5 ஏறத்தாழ 3. குழல் கேமராவை நோக்கித் திரும்பியிருந்தாலோ, அகன்ற லென்ஸில் மிக அருகே எடுத்திருந்தாலோ இந்தக் கணக்கு பொய் சொல்லும். அந்தப் பிரேம்களை அளக்கவே வேண்டாம்.

பதிவு எழுதுவது

1885 என்று திரையில் போட்ட ஒரு படம், வெலிங்டன் பாசறை வாசலில் வெள்ளைக்காரக் காவலாள் என்று வைத்துக்கொள்வோம். பிரேமில் மொண்ணை மூக்கு, இரண்டு காது, போல்ட் கைப்பிடி, கட்டமான மேகசின் தெரிகின்றன. பதிவு இப்படி அமைய வேண்டும்:

‘கையில் இருப்பது: இஷாப்பூர் 2ஏ வகை. ஆதாரம்: எஸ்.எம்.எல்.இ. மூக்கு, தட்டை அடி மேகசின். நம்பிக்கை: உறுதி. 2ஏயா, பின்குறி மாற்றிய 2ஏ1ஆ என்பது தெரியவில்லை, பின்குறி அளவெழுத்து பிரேமில் இல்லை. கதையில் நிற்பது: வெள்ளைச் சிப்பாயின் அரசுத் துப்பாக்கி. அந்த ஆண்டுக்குப் பொருந்துவது: மார்ட்டினி-ஹென்றி. காட்சி நேரம்: மணி, நிமிடம், நொடி.’

நம்பிக்கைக்கு உறுதி, பெரும்பாலும், ஐயம் என்ற மூன்று சொல் போதும். பார்க்காத உறுப்பைப் பார்த்ததாக எழுதக் கூடாது. ஒரே காட்சியில் பத்துப் பேர் நின்றால் பத்தும் ஒரே வகை என்று கொள்ளாதீர்கள். முன்வரிசைக்கு உலோகமும் பின்வரிசைக்கு மரப்பொம்மையும் கொடுப்பது பழைய வழக்கம்.

கண் பழக நேரில் பார்ப்பதைப்போல் வராது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய துப்பாக்கிகள் இருக்கின்றன. போனால் முழுத் துப்பாக்கியைப் பார்த்து நிற்காமல் குதிரை, கிண்ணி, பூண், குழல் வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து வாருங்கள். மலையில் பழைய பங்களாச் சுவரில் தொங்கும் துப்பாக்கியை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டாம். வாய்வழி கெட்டியது என்றால் பல ஆண்டுக்கு முன் போட்ட மருந்து உள்ளேயே இருக்கக்கூடும், கரிமருந்து அத்தனை நாளானாலும் வெடிக்கும். குதிரையை இழுத்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. உரிமையாளர் சம்மதத்தோடு, சுவரில் இருக்கும் நிலையிலேயே, பக்கவாட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டால் அடையாளம் காண அதுவே போதும்.